உப்புப் பார்க்காத பண்டாரி

அளவில்லாதவன் பெயரைச் சொல்லி, அளந்து பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த நான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

போன மாதம் சோதனைக்கு ரத்தம் கொடுக்கத் துருகம் ரோட்டில் ஒரு லேபுக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்கிற பெண் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். நான் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போடுவதற்குள் என் ரத்தம் ஒரு பெரிய இயந்திரத்துக்குள் போய்விட்டது. நானும் மெஷின் வராத காலத்தில் தொடங்கி முப்பத்தொரு வருடம் இதே வேலை பார்த்தவன்தான் என்று சொன்னேன். அவள் என்னை மறுபடி ஏற இறங்கப் பார்த்தாள்.

“மெஷின் இல்லாம கொலஸ்ட்ரால எப்டிங்க சார் பாத்தீங்க?”

“ஆசிட் ஊத்தித்தாம்மா.”

“சும்மா சொல்லாதீங்க சார்.”

வலது கையில் பெருவிரலுக்குக் கீழே உள்ள தழும்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

“மாத்திரையாவது இருந்துச்சா?”

“இப்ப குடுக்கிற மாத்திரை எதுவும் அப்ப நம்மூருக்கு வரல.”

“அப்புறம் எத வெச்சு கொறச்சீங்க?”

“சோத்த வெச்சுத்தான்.”

அவள் நம்பவில்லை. நின்றபடியே மஜீத் அண்ணன் கதையில் பாதியைச் சொன்னேன். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். மீதியை எழுதிக் கொடுங்கள் சார், நாங்கள் நாலு பேர் படிப்போம் என்றாள். அதனால்தான் இது.

நான் பத்தாம் வகுப்பு தேறியவன். சேலத்தில் ஒரு வருடம் லேப் படிப்பு. பிறகு கள்ளக்குறிச்சியில் சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

டாக்டர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டு போய் மேசையில் வைத்தால் எண்ணைப் பார்க்க மாட்டார். என் முகத்தைப் பார்த்து மூன்று கேள்வி கேட்பார். வெறும் வயிறா? ஸ்டாண்டர்டு வெச்சியா? ரெண்டு தடவ பாத்தியா? இதில் ஒன்றுக்கு நான் தயங்கினால் போதும், காகிதத்தை ஒரே விரலால் என் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். அந்த ஒரு விரலுக்குப் பயந்தது போல் நான் என் அத்தாவுக்குக்கூடப் பயந்ததில்லை.

கொலஸ்ட்ரால் பார்ப்பது அரை நாள் வேலை. கண்ணாடி சிரிஞ்சை வேக வைத்து, ஆறவிட்டு, விடிந்ததும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் உறைந்ததும் சுற்றுகிற இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே சீரம் தெளிந்து நிற்கும். மூன்று குழாய் வரிசையாக வைப்பேன். முதலாவதில் வெறும் மருந்து மட்டும். இரண்டாவதில் இவ்வளவு என்று அளவு தெரிந்த கொலஸ்ட்ரால், அதுதான் ஸ்டாண்டர்டு. மூன்றாவதில் நோயாளியின் சீரம். மருந்தில் காடி வாசனை தூக்கியடிக்கும். கடைசியில் கெட்டியான கந்தக அமிலத்தைக் குழாயின் சுவரோரமாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் பொங்கித் தெறிக்கும். பிஸ்மில்லாஹ் சொல்லாமல் நான் அந்த அமிலப் புட்டியைத் தொட்டதில்லை. சொல்லித் தொட்ட நாளிலும் சட்டையில் ஓட்டை விழுந்திருக்கிறது. அது என் அவசரத்தின் குற்றம்.

அமிலம் கலந்ததும் குழாய் கையில் சுடும். பிறகு அரை மணி நேரம் தொடாமல் காத்திருக்க வேண்டும். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு நிறம் கிளம்பி வரும். செம்மண் கலந்த கத்தரிப்பூ நிறம். எவ்வளவு கொழுப்போ அவ்வளவு கறுப்பு. அதைப் பச்சைக் கண்ணாடி வைத்த ஒரு பெட்டிக்குள் இறக்கினால் முள் நகர்ந்து எண் காட்டும். எத்தனையோ ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். ஒரு மனிதன் நேற்றும் அதற்கு முந்தின மாதமும் வாயில் போட்டுக்கொண்டது இன்று என் கண் முன்னால் நிறமாக எழுந்து நிற்கிறதே என்ற திகைப்பு எனக்குக் கடைசி நாள்வரை அடங்கவில்லை. மனிதன் மறந்துவிடுகிறான். அவன் ரத்தம் ஒன்றையும் மறப்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடமோ நாலாம் வருடமோ, டாக்டர் வெள்ளிமலையில் ஒரு முகாம் நடத்தினார். ஜீப்பில் மலை ஏறி, பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து ரத்தம் எடுத்தோம். மறுநாள் கீழே வந்து பார்த்தால் ஒரு குழாயிலும் நிறம் சரியாக ஏறவில்லை. எல்லாம் வெளிறிக் கிடந்தன. மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்தேன். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். காகிதம் திரும்பி வந்தது. புது மருந்து கலந்து மறுபடி செய்தேன். ஸ்டாண்டர்டு குழாய் ஒழுங்காகக் கறுத்தது. மலைக்காரர்களின் குழாய்கள் வெளிறியே நின்றன.

அடுத்த மாதம் மறுபடி போனபோது, மொச்சை விற்க உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் டாக்டர் குனிந்து கேட்டார்.

“தெனம் இன்னாம்மா சாப்புடுவீங்க?”

“சாமச் சோறு. கேவுருக் களி. மொச்ச, அவர, காட்டுல இருக்கிற கீர.”

“கறி?”

“திருவிழாக்குத் திருவிழா.”

“எண்ணெய் எவ்ளோ ஆவும்?”

அந்த அம்மா சிரித்துவிட்டது. “சோத்துக்கா கேக்குறீங்க? தலைக்கே பத்தல சாமி.”

ஜீப்பில் இறங்கும்போது நான் சந்தோஷமாக ஏதோ சொன்னேன். டாக்டர் வெளியே பார்த்துக்கொண்டே, “கம்மியா இருக்கறதெல்லாம் நல்லதுன்னு நெனச்சுடாத காதர். பாதி சாப்பாட்டால, மீதி பட்டினியால” என்றார். ஆனாலும் அந்த வாரமே ஒரு உணவுச் சீட்டு தயார் செய்தார். சாமை, கேழ்வரகு, கொள்ளு, மொச்சை, கீரை, தோலோடு பழம், நெய்யும் வனஸ்பதியும் கறிக் கொழுப்பும் முட்டை மஞ்சளும் வேண்டாம், எண்ணெய் ஆளுக்கு இத்தனை ஸ்பூன், தினமும் நடை. என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால் நான்தான் எழுதினேன். அந்தச் சீட்டைக் கொண்டுபோய் ஒழுங்காக நடந்தவர்களுக்கு மூன்று மாதத்தில் குழாயின் நிறம் மாறுவதை நான் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு நிறைய. ஆனால் மாறியது.

மாறாத ஒரு குழாய் மஜீத் அண்ணனுடையது.

மஜீத் அண்ணன் பண்டாரி. எங்கள் கல்யாண வீடுகளில் அண்டா வைத்துப் பிரியாணி ஆக்குகிறவரை அப்படித்தான் சொல்வோம். திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் மஜீத் பண்டாரி தேதி கொடுத்த பிறகுதான் நிக்காஹ் தேதி குறிப்பார்கள். அவருடைய அண்ணனும் பண்டாரிதான். நாற்பத்து நாலு வயதில் கல்யாண வீட்டு அடுப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மஜீத் அண்ணனுக்கு அப்போது நாற்பத்திரண்டு. அண்டா மூடியைத் தூக்கும்போது நெஞ்சை இறுக்குகிறது என்று அவர் வாய்தவறிச் சொல்ல, அவருடைய மனைவி ஜமீலா அண்ணி கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

டாக்டர் முதலில் அவர் கண்ணைத்தான் பார்த்தார். இமையின் உள்மூலையில் இரண்டு பக்கமும் மஞ்சள் தடவினது போல் மேடாக ஒரு திட்டு, ரத்தத்தில் கொழுப்பு மிஞ்சினால் படிவது. எப்போதிலிருந்து என்று கேட்டார். அது அழகுக்கு என்று நினைத்தோம் டாக்டர் என்றார் அண்ணன். மறுநாள் அவர் குழாய் ஸ்டாண்டர்டைவிடக் கன்னங்கறேலென்று வந்தது. முந்நூற்று நாற்பது; இருநூறுக்குள் நிற்க வேண்டியது. மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனேன்.

டாக்டர் சீட்டைக் கொடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். அண்ணன் கேட்டுவிட்டு, “பிரியாணிக்காரனப் பாத்து பிரியாணி தின்னாதன்றீங்க. தையக்காரன அம்மணமா போவச் சொல்ற மாதிரி இருக்குது டாக்டர்” என்றார்.

“வாயக் கொறைங்க. கொழுப்பு அங்கயும் இருக்குது” என்றார் அண்ணி. டாக்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். முந்நூற்று முப்பத்திரண்டு. அது குறைந்ததாகவே கணக்கில்லை. காகிதம் திரும்பி வந்தது. மறுபடி செய்தேன். ஸ்டாண்டர்டையே புதிதாகக் கலந்து மூன்றாம் தடவையும் செய்தேன். முள் அதே இடத்தில் நின்றது.

“காதர், ஒண்ணு உன் கை தப்பு. இல்ல, அவர் வாய் தப்பு” என்றார் டாக்டர். அவர்களை உள்ளே கூப்பிட்டார்.

“பாய், உண்மையச் சொல்லுங்க. கறி சாப்பிடுறீங்களா?”

“அல்லாஹ் மேல ஆணையா ஒரு துண்டு வாயில வெக்கல டாக்டர்.”

“வூட்ல?”

இதற்கு அண்ணி பதில் சொன்னார். “நாந்தானேங்க பொங்குறேன். மலையிலேர்ந்து வர்ற ஜீப்புல சொல்லி வெச்சு சாம வாங்குறேன். எண்ணெய ஸ்பூனால அளந்து ஊத்துறேன். புள்ளைங்ககூட அதையேதான் துன்னுதுங்க. நா பொய் சொல்லிக்கினு எங்க போவப் போறேன்?”

டாக்டர் அவர்களை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். “அப்படின்னா இது குடும்ப ரத்தம். அண்ணனுக்கு வந்தது இவருக்கும் வரும். எங்கிட்ட இதுக்கு மேல ஒண்ணுமில்ல.”

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே வந்தேன். அண்ணி எழுந்து நின்றார். “தம்பி, உள்ள இன்னா சொன்னாரு?”

“அப்டியே செஞ்சுக்கினு வரச் சொன்னாரு அண்ணி” என்றேன். பொய்தான். அன்று தொழுகையில் எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. அந்த வருடம் ஒரு வாரம் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். சேலம் போகிற பஸ்ஸும் சென்னை போகிற லாரியும் நின்ற இடத்தில் நின்றன. ஊருக்குள் அகப்பட்டுக்கொண்ட ஜனங்களுக்குச் சாப்பாடு இல்லை. அதே வாரத்தில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர முடியவில்லை. ஆடுகள் வந்துவிட்டன, அரிசியும் நெய்யும் வனஸ்பதி டின்னும் இறங்கிவிட்டன. பெண்ணைப் பெற்றவர் பள்ளிவாசலுக்கு வந்து, கல்யாணம் இறைவன் நாடும்போது நடக்கட்டும், இதை ரோட்டில் நிற்கிறவர்களுக்கு ஆக்கிப் போடுங்கள் என்றார். ஆஸ்பத்திரிக்கு நோயாளி வர வழியில்லை. டாக்டர் என்னை உதவிக்குப் போகச் சொன்னார்.

விறகில்லை. மஜீத் அண்ணன் நேராக ரோட்டுக்கு நடந்து, வெட்டின மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்துக் கேட்டார். “வெட்டுனது வெட்டிட்டீங்க. நாலு கொம்ப இப்டி இழுத்துக்கினு வந்து போடுங்கப்பா. புளியங்கட்ட நின்னு எரியும்.”

“யாருக்கு பாய் சோறு?”

“மரத்துக்கு அந்தாண்ட நிக்கிறவனுக்கும் இந்தாண்ட நிக்கிறவனுக்கும். மேல ஒக்காந்துனு இருக்கிறவனுக்கும்தான். பசிக்கு ஏது கட்சி?”

அவர்கள் சிரித்துக்கொண்டே இழுத்து வந்தார்கள்.

நாலு அண்டா. எனக்குக் கொடுத்த வேலை வெங்காயம் அரிவது. அரிந்துகொண்டே அண்ணனைப் பார்த்தபடி இருந்தேன். நீளக் கரண்டியை அண்டாவின் மேல்மட்டத்தில் லேசாக அழுத்துவார். மேலே மிதக்கிற நெய்யும் கொழுப்பும் சரிந்து கரண்டிக்குள் இறங்கும். இடது உள்ளங்கையைக் குழித்து அதில் ஊற்றி, ஊதி, ஒரே உறிஞ்சு. கண்ணை மூடுவார். ஒரு பிடி உப்போ, இரண்டு மிளகாயோ போடுவார். கிளறுவார். மறுபடி கரண்டி.

“ஏண்ணே மேலாக எடுக்குறீங்க?”

“மசாலா வாசன நெய்லதான் தம்பி ஏறும். அடியில எடுத்துப் பாத்தா பொய் சொல்லும்.”

தொழுகைக்குப் பிறகு விரல் கணுக்களில் முப்பத்து மூன்று எண்ணுவது எங்கள் வழக்கம். அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதே கணுக்களில் அவர் உறிஞ்சியதை எண்ண ஆரம்பித்தேன். மசாலாவுக்கு இரண்டு தடவை, தயிர் விட்டால் இரண்டு தடவை, கறி வெந்தால் மூன்று தடவை, அரிசி போடுமுன் மூன்று தடவை; ஒவ்வொரு அண்டாவுக்கும். முப்பத்து மூன்றைத் தாண்டினபோது மறுபடி முதல் கணுவிலிருந்து தொடங்கினேன். நாற்பத்தொன்றில் மூடி போட்டார்.

ஜனங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் ஓரமாகப் போய்த் தூக்குவாளியைத் திறந்தார். அண்ணி கொடுத்த சாமைக் கஞ்சியும் மொச்சையும்.

“பாத்தியா தம்பி. நாலு அண்டா பிரியாணி எதுர்ல ஒக்காந்துனு சாமக் கஞ்சி குடிக்கிறேன். டாக்டர்கிட்ட சொல்லு.”

அவர் பொய் சொல்லவில்லை. அண்ணி பொய் சொல்லவில்லை. என் குழாயும் பொய் சொல்லவில்லை. உப்புப் பார்ப்பதைச் சாப்பாடு என்று எந்தப் பண்டாரியும் நினைப்பதில்லை. நானும் அதுவரை நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடி ஒரு சுத்தமான குழாயை எடுத்து வந்தேன். அடுத்த வேளைக்கு அண்டா ஏறியபோது, “அண்ணே, நீங்க உறிஞ்சுற அளவு எவ்ளோவோ, அத இதுல ஊத்துங்க” என்றேன்.

“இன்னாடா, பிரியாணிக்கே ரத்த டெஸ்ட்டா” என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார்.

சீரம் வைக்கிற பிரிட்ஜில் அதை வைத்தேன். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெள்ளையாக உறைந்து நின்றது, மெழுகுவத்தி மாதிரி. அதை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

“எத்தன தடவ?”

“நாப்பத்தொண்ணுங்க. ஒரே சமையலுக்கு.”

எண்ணைவிடப் பெரிய ஒன்றைப் பார்த்தவர் போல் இருந்தது அவர் முகம். பிறகு, “மூணு மாசமா தட்டுல இன்னா இருக்குன்னே கேட்டேன். கரண்டியக் கேக்கல” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உன் கையச் சந்தேகப்பட்டுட்டேன் காதர்” என்றார்.

மரங்களை அகற்றிப் பஸ் ஓட ஆரம்பித்ததும் அண்ணனையும் அண்ணியையும் வரச் சொன்னோம். டாக்டர் குழாயை மேசையில் வைத்தார். அண்ணி அதைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணனுக்குக் கோபம் வந்தது.

“உப்பு பாக்காம நா எப்டி டாக்டர் ஆக்குறது?”

“வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க.”

“என் நாக்க எடுத்து இன்னொருத்தன் வாயில வெக்க முடியுமா?”

“நாக்குல வெச்சுட்டுத் துப்பிடுங்க.”

“அல்லாஹ் குடுத்த சோறு, ரிஸ்கு, அதத் துப்புறதா? கல்யாண வூட்டு அண்டா பக்கத்துல நின்னு பண்டாரி துப்புனான்னா ஒருத்தன் தின்னுவானா? அதுக்கு எங்க அண்ணன் மாதிரி நானும் போய்டலாம்.”

அண்ணிதான் கீழே பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நோம்புல இன்னா பண்றீங்க?”

“இன்னா?”

“நோம்பு மாசம் முப்பது நாளும் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காச்சுறீங்க. நோம்பு இருவத்தேழாம் ராவுக்கு அண்டா வெக்கிறீங்க. நாக்குல ஒரு சொட்டு படாது. எந்த வருசமாவது உப்பு கெட்டுதுன்னு ஒருத்தர் சொல்லியிருக்காங்களா?”

“அது அல்லாஹ்வுக்காகச் செய்யுறது. அவன் பாத்துக்குறான்.”

“மத்த பதினோரு மாசமும் வேற யாரு பாத்துக்குறது?”

நான் அந்த அறையில் எத்தனையோ பெரிய டாக்டர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அதுபோல் ஒரு பேச்சு கேட்டதில்லை.

அண்ணன் ஒப்புக்கொண்டார். அடுத்த கல்யாணம் வடக்கனந்தலில். நானும் போனேன். உப்பைக் கையில் எடுத்து எடை பார்த்தார். ஆவியில் முகத்தை நீட்டினார். நாலைந்து தடவை கரண்டி மேல்மட்டம் வரை போய் நின்று திரும்பியது. உள்ளங்கையைக் குழித்து, பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார். மூடி போட்டுத் தணல் அள்ளி வைத்தார். முதல் பந்தியில் ஒரு பெரியவர் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சத்தமாகக் கேட்டார்.

“இன்னா பண்டாரி, உப்ப வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?”

பந்தி முழுவதும் சிரித்தது. உப்புக் கிண்ணம் இலை இலையாகப் போனது. இருபது வருடப் பேர் ஒரே பந்தியில் போனது. திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “அடுத்த வாரம் இன்னொன்னு இருக்குது” என்றார். அங்கே மறுபடி கரண்டியை உறிஞ்சத்தான் போகிறார் என்று நினைத்தேன். அண்ணியிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

அடுத்த வாரம் விடியற்காலைத் தொழுகையில் எனக்குப் பக்கத்து வரிசையில் நின்றார். முடிந்ததும் என் தோளைத் தட்டினார்.

“தம்பி, நோம்புல எனக்கு உப்பு தப்பல. அன்னிக்கு ஏன் தப்புச்சு தெரியுமா? அன்னிக்கு ஒவ்வொரு தடவையும் பாக்கலாமா வாணாமான்னு மனசு கரண்டிமேலயே இருந்துச்சு. கை எங்கயோ, புத்தி எங்கயோ. நோம்புல அந்தக் கேள்வியே இல்ல. கதவு சாத்தியாச்சு. அதனால கை ஒழுங்கா வேல செய்யுது. இன்னிக்கு நோம்புன்னு மனசுல நிய்யத்து வெச்சிட்டேன். இனிமே சமைக்கிற நாளெல்லாம் எனக்கு நோம்பு.”

எனக்குப் புல்லரித்தது. கூடவே பயமும் வந்தது. அவரை நேராக டாக்டர் வீட்டுக்கே அழைத்துப்போனேன்.

“நெருப்பாண்ட தண்ணிகூட இல்லாமயா? நெஞ்சு வலிக்கிற ஆளு நீங்க” என்றார் டாக்டர்.

“வலிச்சா முறிச்சுக்கலாம் டாக்டர். நோயாளிக்கு எங்கள்ல சலுக இருக்குது.”

“முறிப்பீங்களா?”

“முறிப்பேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அண்டா மூடியை அவர் தூக்கக் கூடாது, நெருப்பைவிட்டு அடிக்கடி நகர்ந்து நிழலில் உட்கார வேண்டும், இறுக்கம் தெரிந்தால் அந்த நிமிடமே தண்ணீர் என்று மூன்று நிபந்தனை போட்டார். அன்றைய சமையலுக்கு நான் போகவில்லை. சாயங்காலம் போய்வந்தவர்களிடம் உப்பைப் பற்றிக் கேட்டேன். உப்பைப் பற்றி என்ன கேள்வி, இரண்டாம் பந்திக்கு அண்டாவைச் சுரண்ட வேண்டியதாயிற்று என்றார்கள்.

அந்தக் கல்யாண சீசன் முழுவதும் அப்படியே ஓடியது. ஒரே ஒரு தடவை, வெயில் நாளில், நெஞ்சு இறுக்கி நோன்பை முறித்ததாக அண்ணி வந்து சொன்னார். சொன்னபடி முறித்தாரே என்று டாக்டருக்குத் திருப்தி.

நாலு மாதம் கழித்து இருவரும் விடிந்ததும் வந்தார்கள். ரத்தம் எடுத்து முடித்ததும் வழக்கம்போல் டீயும் பன்னும் கொடுத்தேன். அண்ணன் டம்ளரைத் திருப்பி வைத்தார். “இன்னிக்கு சமையல் இருக்குது தம்பி.” சைக்கிளில் நீளக் கரண்டி கட்டியிருந்தது.

வழக்கமாக மொத்தம் மூன்று குழாய் போதும். நான் அவருக்கு மட்டும் மூன்று குழாய் வைத்தேன். அரை மணி நேரம் எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. டாக்டர் நோயாளிகளை விட்டுவிட்டு லேபுக்கே வந்தார். என் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குழாயாகத் தானே இறக்கிப் படித்தார். இருநூற்று ஐம்பத்தொன்று. இருநூற்று ஐம்பது. இருநூற்று ஐம்பத்து மூன்று.

“இன்னும் ஜாஸ்திதான். ஆனா இறங்குது” என்றார். மறுபடி முள்ளைக் குனிந்து பார்த்தார். “இறங்குது காதர்.”

எண் சொன்னால் அண்ணிக்குப் புரியாது. லேபுக்குள் கூப்பிட்டு, அளவு தெரிந்த குழாயையும் அண்ணன் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். முன்னே இது மை மாதிரி இருந்தது அண்ணி என்றேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தானே இருக்குது?”

“அதான் அண்ணி சேதி.”

அமில வாசனை அடிக்கிற அந்தத் தரையில், தொழுகிற திசை, கிப்லா, எந்தப் பக்கம் என்று கையால் கேட்டார். நான் காட்டினேன். அவர் நெற்றி தரையில் படச் சஜ்தாவில் விழுந்தார். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

வெளியிலிருந்து சைக்கிள் மணி அடித்தது.

“ஜமீலா, இன்னா பண்ணிக்கினு இருக்கிற? அடுப்பு பத்த வெக்கணும், நாழியாவுது.”

அண்ணி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வரேன், இருங்க” என்று குரல் கொடுத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் தலையசைத்துவிட்டு வெளியே போனார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் மஜீத் அண்ணன் அடுப்படியில் நின்றார்.